சொல் கேளீர்: தம்பிக்குள் இருக்கும் அந்தப் பலர் யார்?

கேள்வி (தென்காசியிலிருந்து ஒரு வாசகர்): 'தம்பி' என்ற சொல்லைத் 'தம்' என்றும் 'பி' என்றும் பிரிக்கலாம் என்று பள்ளியில் படித்த நினைவு. 'தம்' என்றால் 'அவர்களுடைய' என்றுதானே பொருள்? என் கூடப் பிறந்தவன் எப்படி 'அவர்களுடைய' பி ஆவான்? 'பி' என்பதுதான் என்ன?

பதில்: 'பி'யிலிருந்து தொடங்குவோம், அதுதான் எளிது. அது 'பின்' என்பதன் குறுக்கம். தமக்குப் பின் பிறந்தவன் தம்பி. இதற்கு நேர் எதிராகத் 'தம்முன்' என்றொரு சொல் பழந்தமிழில் இருந்தது. தமக்கு முன் பிறந்தவன், அதாவது அண்ணன். முன்னும் பின்னும் இப்படி இணையாக நின்ற காலத்தில் சொல்லின் கட்டுமானம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். 'தம்முன்' வழக்கொழிந்து அந்த இடத்தில் 'அண்ணன்' அமர்ந்துகொண்ட பிறகு, துணையிழந்த 'தம்பி' பிரிக்க முடியாத ஒற்றைச் சொல்லைப் போல நமக்குத் தோன்றத் தொடங்கியது. 'பின்' என்பதைத் தம்பியின் பெயராகவே ஆளும் வழக்கம் கம்பனிடமும் உண்டு. காட்டுக்குப் போகச் சொன்ன கைகேயியிடம், 'என் பின்னவன் பெற்ற செல்வம் அடியனேன் பெற்றது அன்றோ?' என்று இராமன் கேட்கிறான். பின்னவன் என்று அவன் சொல்வது பரதனை.

இனி, 'தம்'. உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. சங்க காலத்துத் தமிழர் எவரும் தம் சொந்தத் தம்பியைத் 'தம்பி' என்று குறிப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர்களிடம் மூன்று சொற்கள் இருந்தன. என் தம்பி என்றால் 'எம்பி'. உன் தம்பி என்றால் 'நும்பி'. வேறொருவருடைய தம்பி என்றால் மட்டுமே 'தம்பி'. இது தம்பிக்கு மட்டும் உரிய சலுகையும் அன்று. எந்தை, நுந்தை, தந்தை. எங்கை, நுங்கை, தங்கை. யாய், ஞாய், தாய் என்று வீட்டில் உள்ள நெருங்கிய உறவுகள் பலவும் இப்படி மூன்று மூன்றாக நின்றன. யாருடைய தந்தை என்பதைத் தெரிவிக்காமல் 'தந்தை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக அந்தத் தமிழ் இடம் தரவில்லை. உறவுச் சொல்லைச் சொல்வதற்கு வாயைத் திறக்கும்போதே, அது யாருக்கு உறவு என்பதும் முதல் எழுத்தில் வந்து விழுந்துவிடும்.

நாளடைவில் 'எம்', 'நும்' வரிசைகள் பேச்சிலிருந்து விலக, 'தம்' வரிசை மட்டும் எஞ்சியது. தெலுங்கில் 'தம்முடு', கன்னடத்தில் 'தம்ம' என்று இளையவனைக் குறிக்கும் சொற்களும் இதே 'தம்' கொண்டவை என்பதால், எஞ்சியது எது என்பதில் அண்டை மொழிகளும் நம்மோடு ஒத்துப்போகின்றன. சொல்லுக்குள் உடைமையாளர் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டதால்தான் இன்று நாம் அதன் தலையில் இன்னொரு உடைமையாளரை ஏற்றி 'என் தம்பி' என்கிறோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதன் பொருள் 'என்னுடைய, தமக்குப் பின் பிறந்தவன்' என்று ஆகும். இதைப் பிழை என்று யாரும் திருத்தப் புறப்பட வேண்டாம். 'என் தந்தை', 'உன் தாய்', 'அவள் தங்கை' என எல்லாவற்றிலும் இதே இரட்டிப்பு இருக்கிறது. அவற்றையெல்லாம் திருத்தப் போனால் நமக்கு வீட்டில் பேச வாய் இராது.

கேள்வி (ஈரோட்டிலிருந்து): 'தம்' என்பது பன்மை. ஒருவனுக்குத்தானே தம்பி? 'தன்பி' என்று ஏன் வரவில்லை? அண்ணன்மார் பலர் இருந்த வீடுகளில் பிறந்த சொல் என்று கொள்ளலாமா?

பதில்: இப்பகுதிக்கு வரும் கேள்விகளில் இப்படிச் சொல்லின் மூட்டைத் தொட்டுக் கேட்பவை குறைவு. அண்ணன்மார் பலர் என்ற விளக்கம் பொருந்தாது. தந்தைக்கும் அதே பன்மைதானே வருகிறது? 'நுந்தை' என்பதில் இருப்பது 'நும்'. ஒருவரை நோக்கிய 'நின்' அன்று.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு அனைவருக்கும் மனப்பாடம்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்

தலைவன் தலைவியிடம் தனியே பேசுகிறான். கேட்பவள் ஒருத்தி, பேசுபவன் ஒருவன். மூன்றாம் அடியில் தங்களைப் பற்றிச் சொல்லும்போது, 'யானும் நீயும்' என்று ஒருமையைத்தான் ஆள்கிறான். அதற்கு முந்தைய அடியில் தந்தையரைச் சொல்லும்போது மட்டும் 'எம்', 'நும்' என்று பன்மை வருகிறது. அடுத்தடுத்த இரண்டு அடிகள்; பேசுபவனும் மாறவில்லை, கேட்பவளும் மாறவில்லை. 'நீ' என்று ஒருமையில் அழைக்கப்படும் பெண்ணுக்குத் தந்தை என்று வரும்போது அவர் 'உங்கள்' தந்தை ஆகிவிடுகிறார்.

காரணம் மரியாதை அன்று. மரியாதைப் பன்மையாக இருந்திருந்தால் மூன்றாம் அடியில் 'நீ' வந்திராது. உறவு என்பது தனி ஒருவருக்கு உடைமையாகாது, ஒரு வீட்டுக்கே உடைமை என்று மொழி கருதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதைப் பழங்கதை என்று எண்ண வேண்டாம். உங்கள் வாயிலேயே இருக்கிறது. உடன்பிறந்தார் எவரும் இல்லாத ஒற்றைப் பிள்ளையும் 'எங்க அப்பா', 'எங்க அம்மா' என்றுதான் சொல்கிறது. 'என் பேனா' என்று சொல்லும் அதே குழந்தை அடுத்த மூச்சில் 'எங்க அப்பா வாங்கிக் கொடுத்தது' என்கிறது. 'எந்தை' என்ற சொல்தான் செத்துப்போனது. அதற்குள் இருந்த 'எம்' இன்னும் 'எங்க' என்ற உருவில் நடமாடிக்கொண்டிருக்கிறது. தம்பியும் அப்படியே. நீங்கள் அவனுக்கு ஒரே அண்ணனாக இருந்தாலும், அவன் ஒரு வீட்டின் பின்னவன்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழம்பாடல்களில் அண்ணன்மாரைத் 'தன்னையர்' என்று குறிக்கும் வழக்கு உண்டு. அங்கே இருப்பது ஒருமைத் 'தன்'. ஆனால் அச்சொல்லின் பின்பகுதி 'ஐ'; தலைவன் என்று பொருள். 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்' என்ற குறளில் வீரன் தன் தலைவனை 'என்னை' என்கிறானே, அதே கட்டுமானம். தலைவனைத் தனக்கே உரியவனாகச் சொல்லலாம் போலும். தந்தையையும் தம்பியையும் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து): 'நம்பி' என்பதும் தம்பியைப் போலவே ஒலிக்கிறதே. அதற்கு 'நமக்குப் பின் பிறந்தவன்' என்று பொருள் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. நம்பி என்றால் ஆடவருள் சிறந்தவன். ஆனால் முற்பகுதி 'நம்' என்பதில் ஐயமில்லை. 'நம் ஊர்ந்து வரூஉம் இகர ஐகாரம்' என்று தொல்காப்பியர் சொல்லும் இடத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் நம்பியும் நங்கையும்தாம்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே பாட்டில் பக்கம் பக்கமாக நிற்பதைக் காண விரும்பினால் கம்பனின் குகப் படலத்திற்குப் போக வேண்டும். படையோடு கங்கைக் கரைக்கு வரும் பரதனைக் கண்டு, இராமன்மேல் போர் தொடுக்கத்தான் வருகிறான் என்று குகன் கொதித்துப்போயிருக்கிறான். படகில் நெருங்கி வந்து பார்க்கிறான். மரவுரி, இளைத்த உடல், இராமன் சென்ற திசையை நோக்கிக் கூப்பிய கை. அப்போது சொல்கிறான்:

நம்பியும் என் நாயகனை ஒக்கின்றான், அயல் நின்றான்
தம்பியையும் ஒக்கின்றான்; தவ வேடம் தலைநின்றான்;
துன்பம் ஒரு முடிவு இல்லை; திசை நோக்கித் தொழுகின்றான்;
எம்பெருமான் பின் பிறந்தார் இழைப்பரோ பிழைப்பு?

எதிரே நிற்கும் பரதன் 'நம்பி'. அவன் இராமனைப் போல் இருக்கிறான். பக்கத்தில் நிற்கும் சத்துருக்கன், இராமனின் 'தம்பி'யாகிய இலக்குவனைப் போல் இருக்கிறான். இராமன் 'எம்பெருமான்'. கடைசி அடியில், தம்பி என்ற சொல்லையே அவிழ்த்துப் போட்டதுபோல் 'பின் பிறந்தார்'. நம், தம், எம் மூன்றையும் எதுகையில் அடுக்கி, 'பின்'னையும் பிரித்துக் காட்டிவிட்டான் கவிஞன். இதைவிட நல்ல இலக்கண வகுப்பை நான் கண்டதில்லை.

ஓர் ஊகத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ஊகம் என்றே கொள்ளுங்கள். 'எம்' என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும் பன்மை. 'நம்' என்பது கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் பன்மை. எம்பி என்றால் எங்கள் வீட்டுப் பையன், உங்களுக்கு அவன் உறவில்லை. நம் எல்லாருக்கும் உரியவனாக ஒருவன் ஆகிவிட்டால், அவன் உறவுக்காரன் என்ற நிலையைக் கடந்து நம்பி என்னும் சிறப்பைப் பெறுகிறான். சுந்தரரை நம்பி ஆரூரர் என்று அழைப்பதிலும், திருக்குறுங்குடிப் பெருமாளை நம்பி என்பதிலும் அந்த 'நம்' கேட்கிறது.

கேள்வி (நாமக்கல்லிலிருந்து ஒரு தாய்): எங்கள் மூத்த மகனைப் பிறந்ததிலிருந்தே 'தம்பி' என்றுதான் வீட்டில் எல்லாரும் கூப்பிட்டோம். நான்கு ஆண்டு கழித்து இரண்டாவது பையன் பிறந்தான். 'பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்' என்று காட்டியதும், மூத்தவன் குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இவன் தம்பின்னா நான் யாரு?' என்று கேட்டு அழுதுவிட்டான். நாங்கள் அழைத்தது தவறா?

பதில்: தவறு இல்லை, ஆனால் உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. அதுவரை அவனுக்குப் பெயராக இருந்த ஒன்று, ஒரே நொடியில் உறவாக மாறி இன்னொருவனுக்குப் போய்விட்டது. அழாமல் என்ன செய்வான்?

தமிழ் வீடுகளில் பெற்றோர் தம் பிள்ளையை அழைக்கும்போது, பல நேரங்களில் தம் இடத்திலிருந்து அழைப்பதில்லை. இன்னொரு பிள்ளையின் இடத்தில் நின்று அழைக்கிறார்கள். மூத்த மகள் 'தம்பி' என்று அழைக்கப் பழக வேண்டும் என்பதற்காகத் தாயும் இளையவனைத் 'தம்பி' என்கிறாள். கணவனின் இளையவனை மனைவி 'தம்பி' என்பதும், மருமகளை வைத்துக்கொண்டு மாமியார் தன் சொந்த மகனையே 'தம்பி சாப்பிட்டாச்சா?' என்று விசாரிப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. பழகப் பழக, முன்னே ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கழன்றுவிட்டது. வீட்டில் சிறியவன், செல்லமானவன் என்பதே பொருளாகி, அக்காவோ அண்ணனோ இல்லாத முதல் பிள்ளையும் தம்பி ஆனான். 'பின்' என்பதற்கு, பெற்றோராகிய எங்களுக்குப் பின் வந்தவன் என்று நீங்கள் பொருள் சொல்லிக்கொண்டால் இலக்கணம் கோபித்துக்கொள்ளாது. மூத்தவனுக்குப் 'பெரிய தம்பி' என்று பதவி உயர்வு கொடுத்துப் பாருங்கள். அப்படி அழைக்கும் வீடுகள் நிறைய உண்டு.

கேள்வி (விருதுநகரிலிருந்து): என் பெரியப்பா மகன் என்னைவிட இரண்டு வயது இளையவன். பெரியவர் மகன் பெரியவனே, அவனை 'அண்ணா' என்றுதான் அழைக்க வேண்டும் என்கிறார் எங்கள் பாட்டி. யார் யாருக்குத் தம்பி?

பதில்: அவன் உங்களுக்குத் தம்பி. சொல்லுக்குள் இருக்கும் 'பின்', யார் வயிற்றில் பிறந்தான் என்று கேட்பதில்லை. எப்போது பிறந்தான் என்று மட்டுமே கேட்கிறது. உங்கள் பாட்டியின் வழக்கு மகாபாரதத்தில் ஒருமுறை வாதாடப்பட்டதுதான். திருதராட்டிரன் மூத்தவன், ஆனால் அவன் மகன் துரியோதனன், பாண்டு மகனாகிய தருமனுக்குப் பின் பிறந்தவன். ஆகவே தருமனே அண்ணன், துரியோதனன் தம்பி. அரசு யாருக்கு என்பதில்தான் சண்டை வந்தது; யார் மூத்தவன் என்பதில் வரவில்லை.

சிற்றப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா ஆகியோரின் பிள்ளைகள் வரைக்கும்தான் இந்தக் கணக்கு. மாமன் மகனும் அத்தை மகனும் எவ்வளவு இளையவர்களானாலும் முறைப்படி தம்பி ஆகார்; அவர்கள் மைத்துனர், மச்சான். தம்பி என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

கேள்வி (சிவகாசியிலிருந்து): இரட்டையரில் யார் தம்பி?

பதில்: மருத்துவமனைச் சீட்டில் பிறந்த நேரம் எழுதியிருக்கும். இரண்டு நிமிடப் பின்னும் பின்தான்.

கேள்வி (புதுச்சேரியிலிருந்து): தம்பதி, தம்பிரான் ஆகிய சொற்களும் தம்பியோடு தொடர்புடையவையா?

பதில்: தம்பதி வடசொல், வீடு என்னும் பொருளுடைய 'தம்' வேறு, நம் 'தம்' வேறு. தம்பிரான் தமிழ்ச்சொல், ஆனால் அதைத் தம்பி + ரான் என்று பிரிக்கக் கூடாது. தம் + பிரான், தம் தலைவன். எம்பிரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சைவ மடத்துத் துறவியரைத் தம்பிரான் என்பதும், சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்பதும் இதன்வழி வந்தவை.

கேள்வி (சென்னையிலிருந்து): முன்பின் தெரியாதவர்களையும் 'தம்பி' என்று அழைக்கிறோம். சிலர் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். இச்சொல் உயர்வா, தாழ்வா?

பதில்: அண்மையில் ஒரு பேருந்துப் பயணத்தில் கண்டதைச் சொல்கிறேன். நடத்துநருக்கு முப்பது வயது இருக்கும். படிக்கட்டில் நின்ற மாணவனைப் பார்த்து, 'தம்பி, மேல ஏறி வா' என்றார். அடுத்து, நடுவழியில் நின்ற ஐம்பது வயதுக்காரரிடம், 'அண்ணே, கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க' என்றார். அதே நேரத்தில் சன்னலோர இருக்கையிலிருந்த ஒரு மூதாட்டி, சேலை முந்தானையிலிருந்து சில்லறையை அவிழ்த்தபடி அவரைக் கூப்பிட்டார்: 'தம்பி, ஆஸ்பத்திரி வந்தா சொல்லுப்பா.' ஒரு நிமிடத்துக்குள் அந்த மனிதர் அண்ணனாகவும் தம்பியாகவும் இருந்துவிட்டார். இரண்டிலும் அவருக்குக் குறை வந்ததாகத் தெரியவில்லை. யார் முன், யார் பின் என்பதைத் தவிர அச்சொல் வேறெதையும் அளப்பதில்லை. 'தம்பி, வாங்க' என்று பன்மை வினையோடு சேர்த்தால் அதில் மரியாதையும் வந்துவிடுகிறது.

உயர்வும் தாழ்வும் சொல் பயணப்பட்ட இடங்களில் ஏறியவை. திருவிதாங்கூர் அரசில் 'தம்பி' ஒரு பட்டமாக இருந்தது. மருமக்கள் வழி ஆட்சியில் அரியணை அரசரின் சகோதரி மகனுக்குப் போய்விடும். அரசரின் சொந்த மகன்களுக்குக் கிடைத்தது 'தம்பி' என்ற பட்டம், மகள்களுக்குத் 'தங்கச்சி'. மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து நின்ற பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் முந்தைய அரசரின் மகன்கள். 1809இல் உயிர்விட்ட வேலுத்தம்பி தளவாயின் பெயரிலும் அதே பட்டம் உண்டு. உடன்பிறந்த இளையவனைக் குறிக்க மலையாளத்தில் 'அனியன்' இருந்ததால், 'தம்பி'யைப் பட்டமாக ஒதுக்கிவைக்க முடிந்தது. மறுபக்கம், மலாய் மொழிக்குள் நுழைந்த அதே சொல் அங்கே இந்தியச் சிறுவனையும் அலுவலக எடுபிடி ஆளையும் குறித்தது. அன்பாக அழைத்த சொல்லை ஏவல் சொல்லாகக் கேட்டவர்கள் வைத்த பொருள் அது. நம் அரசியல் மேடையில், அண்ணாதுரை தம் கட்சித் தொண்டர்களைத் 'தம்பி' என்று விளித்து மடல்கள் எழுதியபோது, ஒரு கட்சி முழுவதும் அவருக்குப் பின்னவர் ஆனது. அவருக்கு 'அண்ணா' என்ற பெயர் நிலைத்துப்போயிருந்ததும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

கேள்வி (தஞ்சையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): எம்பி, நும்பி ஆகியவற்றை மீண்டும் பேச்சுவழக்கில் கொண்டுவர முடியுமா?

பதில்: 'நும்பி' முயன்று பார்க்கலாம், கேட்பவர் தும்பி என்று எண்ணி வானத்தைப் பார்ப்பார். எம்பிக்கு வேறொரு சிக்கல். நீங்கள் வீட்டு வாசலில் நின்று 'எம்பி வந்துவிட்டான்' என்று சொன்னால், தெருவே திரண்டு வந்து, கோரிக்கை மனுவோடு உங்கள் தம்பியைச் சூழ்ந்துகொள்ளும். நாடாளுமன்ற உறுப்பினரை ஒருமையில் பேசியதற்காக உங்களையும் இரண்டு பேர் கண்டிப்பார்கள்.